முதலில் லைசென்ஸ், பிறகு ஹெல்மெட், அப்புறம் வண்டி

"சோத்துக்கே இழுபறி, இதுல பைக் வேற கேக்குதா?" கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் வண்டி வாங்க ஆசைப்படும் சேரிப் பையன் ஒருவன் ஊர்த்தெருவில் கேட்டே தீரவேண்டிய கேள்வி இது. ஊர்த்தெருவில் கேட்பதில் வியப்பில்லை. நம் கூட்டங்களில் மைக் பிடிக்கும் மூத்த தோழர்களும் இதையே கொஞ்சம் படித்த மொழியில் சொல்கிறார்கள். நுகர்வு மோகம், தவணை மோகம், புத்தகம் வாங்காதவன் புல்லட் வாங்குகிறான், இப்படி. எங்களுக்கு இந்தப் பேச்சில் உடன்பாடு இல்லை. முதல் வண்டி வாங்க நினைக்கும் தம்பி தங்கைகளிடம் வாங்காதே என்று சொல்வது நம் வேலை அல்ல. எந்த வரிசையில் வாங்க வேண்டும் என்று சொல்வதுதான் நம் வேலை. லைசென்ஸ் முதலில், ஹெல்மெட் இரண்டாவது, வண்டி கடைசியில். இப்போது நடப்பது அப்படியே தலைகீழ். வண்டி வருகிறது, ஹெல்மெட் வீட்டு ஆணியில் தொங்குகிறது, லைசென்ஸ் "அப்புறம் பாத்துக்கலாம்."

வண்டி நமக்கு ஏன் வெறும் வண்டி அல்ல என்பதை நாங்கள் சொல்வதைவிடச் சட்டமே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்த திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் பிரிவு 3(1)(za)வை எடுத்துப் படித்துப் பாருங்கள். பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ பொது இடத்தில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதைத் தடுத்தால் குற்றம். செருப்புப் போடுவதை, புதுத்துணி உடுத்துவதைத் தடுப்பதும் அதே வரியில் வருகிறது. ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஐந்து ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. நாடாளுமன்றம் உட்கார்ந்து மோட்டார் சைக்கிளைப் பெயர் சொல்லி எழுத வேண்டியிருந்த நாடு இது. ஒன்றும் நடக்காமலா எழுதினார்கள்?

எழுதிய பிறகும் நிற்கவில்லை. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மானாமதுரை அருகே மேலப்பிடாவூரில், கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த தலித் மாணவர் ஒருவரை வழிமறித்துக் கைகளில் வெட்டினார்கள். நீ எப்படி எங்கள் முன்னால் புல்லட் ஓட்டலாம் என்று கேட்டு வெட்டினார்கள் என்பதுதான் புகார். மூன்று பேர் கைதானார்கள். வெட்டு விழுந்தது கையில் என்பதைக் கவனியுங்கள். ஆக்சிலரேட்டரைப் பிடிக்கிற கை.

நம் பொருள்மீது நடக்கும் தாக்குதல் புதிதும் அல்ல. 1995இல் கொடியங்குளத்தில் காவல்துறை நுழைந்தபோது, வளைகுடா நாடுகளில் உழைத்துச் சம்பாதித்து வாங்கிய தொலைக்காட்சிப் பெட்டிகளும் மின்விசிறிகளும் உடைக்கப்பட்டன. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நத்தம் காலனியில் வீடுகளோடு இருசக்கர வாகனங்களும் எரிந்தன. அதே ஆண்டில்தான் பா.ம.க. நிறுவனர் ராமதாஸ், நம் இளைஞர்கள் ஜீன்ஸும் டி-சர்ட்டும் கூலிங் கிளாஸும் போட்டுப் பெண்களை மயக்குகிறார்கள் என்று பேசிக்கொண்டிருந்தார். (இடையில் ஒன்று. வண்டி ஓட்டுகிறவனுக்கு ஜீன்ஸும் கண்ணாடியும் வேண்டும். கீழே விழுந்தால் வேட்டி, லுங்கியைவிடத் தோலைக் கொஞ்சமாவது காப்பாற்றுவது ஜீன்ஸ்துணி. கண்ணில் பூச்சியும் புழுதியும் விழாமல் தடுப்பது கண்ணாடி. தயங்காமல் போடுங்கள்.)

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. மாவட்டம் பிரிந்தால் அரசு பக்கத்தில் வரும் என்றார்கள். சமவெளியில் கொஞ்சம் வந்தது. கல்வராயன் மலைக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டே ஏறுகிறது. ஜாகீர்தார்களின் பிடியில் வெட்டிவேலை செய்துகொண்டிருந்த அந்த மலையை அரசு நேரடியாக எடுத்துக்கொண்டதே 1976இல்தான். 2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகுதான் பலருக்குக் கல்வராயன் மலை என்று ஒன்று இருப்பது நினைவுக்கு வந்தது. அடுத்த மாதமே சென்னை உயர் நீதிமன்றம் மலைமக்களின் நிலை குறித்துத் தாமாக முன்வந்து வழக்கு எடுத்தது. நீதிமன்றத்தில் பேசப்பட்டவை சாலை, பேருந்து, மருத்துவம், பள்ளி. கோரிக்கைப் பட்டியலைப் பார்த்தால் பாதிக்குமேல் போக்குவரத்தில்தான் வந்து நிற்கிறது.

கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் பாதையில் எங்களோடு ஒருநாள் வந்து பாருங்கள். மலையாளிப் பழங்குடிக் குடியிருப்புகள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி இருக்கின்றன. பேருந்தை விட்டால் அடுத்தது எப்போது என்று நிற்பவருக்கே தெரியாது. கர்ப்பிணியை இறக்க, மரவள்ளி மூட்டை ஏற்ற, கல்லூரிக்கு இறங்க, சாதிச் சான்றிதழுக்கு அலைய, எல்லாவற்றுக்கும் யாரோ ஒருவருடைய பைக். அந்த யாரோ ஒருவர் பெரும்பாலும் இருபது வயதுப் பையன். அவனிடம் பெரும்பாலும் லைசென்ஸ் இருக்காது. அந்த ஊரில் அவன்தான் ஆம்புலன்ஸ், அவன்தான் மினி பஸ். அவனைப் பார்த்து ஆடம்பரம் என்று சொல்ல நமக்கு நாக்கு எழக்கூடாது.

லைசென்ஸுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று கேட்கும் தோழர்களுக்கு அண்ணல் அம்பேத்கரின் கதை ஒன்று. கற்பனை அல்ல, அவரே தன் அனுபவக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். 1929இல் சாலிஸ்கான் ரயில் நிலையத்தில் இறங்குகிறார். அவரை மகர் குடியிருப்புக்கு அழைத்துப்போகக் குதிரை வண்டி வேண்டும். தீண்டப்படாதவரை ஏற்றி வண்டி ஓட்ட எந்த வண்டிக்காரரும் தயாராக இல்லை. விருந்தாளியை நடக்கவைப்பது மரியாதை இல்லை என்று நினைத்த நம் மக்கள், வண்டியை மட்டும் வாடகைக்கு எடுத்து, அதுவரை வண்டி ஓட்டியே பழகாத தம்மில் ஒருவரை உட்காரவைத்தார்கள். ஆற்றுப்பாலத்தில் வண்டி தடுமாறியது. அம்பேத்கர் கல்தரையில் தூக்கி எறியப்பட்டார். கால் எலும்பு முறிந்தது.

இந்தக் கதையை வழக்கமாகத் தீண்டாமைக் கொடுமைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். சரிதான். நாங்கள் அதில் இன்னொன்றையும் படிக்கிறோம். வண்டியை மறுத்த சாதி, ஓட்டும் பழக்கத்தையும் சேர்த்தே மறுத்திருந்தது. மானத்தைக் காப்பாற்றத் துணிவு இருந்தது, கைப்பழக்கம் இல்லை. தலைமுறை தலைமுறையாக வண்டி வைத்திருந்த வீட்டில் பிறந்தவனுக்கு அப்பா கற்றுக்கொடுப்பார், மாமா கற்றுக்கொடுப்பார், காலியான களத்தில் ஓட்டிப் பார்ப்பான். நம் வீட்டில் வண்டி வாங்கும் முதல் ஆளுக்குக் கற்றுக்கொடுப்பவர் யார்? அவனைவிட ஒரு வருடம் முன்னால் வாங்கிய, அதே மாதிரி லைசென்ஸ் இல்லாத நண்பன்.

லைசென்ஸ் எடுக்கப் பணம் அதிகம் என்கிறார்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளில் உள்ள கட்டணத்தைக் கூட்டிப் பார்ப்போம். எல்.எல்.ஆர். என்று நாம் சொல்லும் பழகுநர் உரிமம் 150, அதற்கான தேர்வு 50. ஓட்டிக்காட்டும் தேர்வு 300, உரிமம் 200. ஆக 700 ரூபாய். சேவைக் கட்டணங்கள் கொஞ்சம் சேரும். மீதி ஆயிரங்களெல்லாம் புரோக்கருக்குப் போவது. கியர் வண்டிக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். படிப்புத் தகுதி எதுவும் இல்லை. நாற்பது வயதுக்குக் கீழே இருப்பவர் சொந்த வண்டி ஓட்ட மருத்துவச் சான்றிதழ்கூட வேண்டாம், உறுதிமொழிப் படிவம் போதும். 2024 மார்ச் முதல் எல்.எல்.ஆருக்கு இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் கழித்து, அது காலாவதியாகும் ஆறு மாதத்துக்குள், எட்டு போட்டுக் காட்டினால் முடிந்தது. அந்த எட்டைத்தான் நம் பிள்ளைகள் பேயைப் போலப் பயப்படுகிறார்கள். பள்ளி மைதானத்தில் சுண்ணாம்பால் எட்டு வரைந்து பத்து நாள் மாலையில் சுற்றினால் வராதது ஒன்றுமில்லை.

அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன், புதுமைப் பெண் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. ஒரு மாதத் தொகை லைசென்ஸுக்கு, இன்னொரு மாதத் தொகை ஹெல்மெட்டுக்கு. அது படிப்புக்கு வந்த பணமாயிற்றே என்று யாராவது கேட்டால், வண்டி ஓட்டக் கற்பதும் படிப்புதான் என்று சொல்லுங்கள்.

எடுக்காவிட்டால் என்ன ஆகும்? தமிழ்நாட்டில் 2022 அக்டோபர் முதல் உயர்த்தப்பட்ட அபராதம்: லைசென்ஸ் இல்லாவிட்டால் 5,000, ஹெல்மெட் இல்லாவிட்டால் 1,000, இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் 2,000. 2025-26இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த கூலி 336 ரூபாய். லைசென்ஸ் இல்லாமல் ஒருமுறை பிடிபட்டால் அம்மாவின் பதினைந்து நாள் கூலி போய்விடும். பதினெட்டு வயது ஆகாத பிள்ளையிடம் வண்டியைக் கொடுத்தாலோ பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளர்மேல் வழக்கு. 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டு வரை சிறைக்கும் இடமுண்டு, வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்து, அந்தப் பிள்ளைக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடையாது. பிளஸ் டூ படிக்கும் தம்பிகள் இதை ஒருமுறைக்கு இருமுறை படிக்கவும்.

அபராதம்கூடச் சின்ன விஷயம். விபத்து நடந்தால்தான் லைசென்ஸ் என்னவென்று தெரியும். நம் வண்டி மோதி ஒருவருக்குக் காயமோ மரணமோ ஏற்பட்டால், லைசென்ஸ் இல்லாத காரணத்தால் இன்சூரன்ஸ் கம்பெனி அவருக்கு முதலில் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை வண்டி உரிமையாளரிடமிருந்து வசூலிக்க வழி இருக்கிறது. 2004இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகப் பேசியது. லட்சக்கணக்கில் வரும் அந்தத் தொகைக்கு விற்க நம்மிடம் என்ன இருக்கிறது, மூன்று சென்ட் பட்டா நிலமா? இன்னொன்றும் உண்டு. கட்டாயமாகப் போடும் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் அடிபட்ட மற்றவருக்குத்தான். ஓட்டுகிற நமக்கு அதில் ஒன்றும் இல்லை. நமக்கென்று 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு தனியாக இருக்கிறது, அதற்கும் செல்லத்தக்க லைசென்ஸ் வேண்டும். எக்ஸ்.எல். வண்டிக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று ஒரு வதந்தி நம் ஊர்களில் ஓடுகிறது. எக்ஸ்.எல். 100க்கும் வேண்டும்.

போலீஸ் சோதனையைச் சொல்லாமல் விட முடியாது. சாராயச் சாவுகளுக்குப் பிறகு மலையிலிருந்து இறங்கும் ஒவ்வொரு இளைஞனும் சந்தேகத்துக்குரியவன். பின்னால் ஒரு கேன் கட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம், அதில் பால் இருந்தாலும் சரி. வேறு பகுதிகளில் "போ போ" என்று விடும் அதிகாரி நம் பையனின் பெயரையும் ஊரையும் கேட்டபின் வண்டியை ஓரம்கட்டச் சொல்கிறார். லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் மூன்றும் கையில் இருந்தால் அவமானம் நின்றுவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. வழக்குப் போட ஒரு சாக்கு குறையும். அதேபோல வண்டியை யாருக்கு இரவல் தருகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். சாராயம் கடத்திய வண்டியைப் பறிமுதல் செய்ய மதுவிலக்குச் சட்டத்தில் இடமுண்டு. காவல் நிலைய வாசலில் துருப்பிடித்து நிற்கும் வண்டிகளில் நண்பனுக்குக் கொடுத்துத் தொலைத்தவையும் இருக்கின்றன.

ஹெல்மெட் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. 2022இல் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அந்த ஓராண்டில் ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர், பின்னால் உட்கார்ந்து வந்தவர்களையும் சேர்த்து. வெள்ளிமலைப் பக்கம் விழுந்தவரைக் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுவருவதற்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடிவிடுகிறது. இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்தான், அதற்கு உயிரோடு வந்து சேர வேண்டும். பலருக்குத் தெரியாத விதி ஒன்று: புது இருசக்கர வாகனம் விற்கும்போது தர முத்திரை பெற்ற ஹெல்மெட்டைத் தயாரிப்பாளர் தர வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 138 சொல்கிறது. ஷோரூமில் கேளுங்கள். "அதெல்லாம் இல்லப்பா" என்றால் விதி எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத சாலையோர ஹெல்மெட்டை வாங்காதீர்கள், அது போலீஸுக்குப் போடும் தொப்பி. கையுறை, ஜாக்கெட் எல்லாம் கடைகளில் ஆசை காட்டும். இப்போதைக்கு மூடிய ஷூ, முழுக்கைச் சட்டை, ஜீன்ஸ், மலைக்கு ஒரு மழைக்கோட்டு போதும்.

இனி பணம். நூறு சி.சி. வண்டி ஒன்று வரி, பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய ஒரு லட்சத்தை ஒட்டி வந்து நிற்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையான வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது உண்மைதான். மாநிலத்தின் வாழ்நாள் வரி ஒரு லட்சம் வரையான வண்டிக்கு 10 சதவீதம், அதற்கு மேல் 12. குறைந்ததைக் கொண்டாடும் விளம்பரத்தில் இது வராது.

ஷோரூமில் உட்கார்ந்திருக்கும் ஃபைனான்ஸ்காரர் "வட்டி பன்னெண்டு பர்சென்ட்தான் தம்பி" என்பார். அது ஃபிளாட் வட்டியா என்று கேளுங்கள். 80,000 கடனுக்கு 12 சதவீத ஃபிளாட் வட்டி, மூன்று வருடம் என்றால் வட்டி 28,800. மாத டியூ 3,022 ரூபாய். ஒவ்வொரு மாதமும் அசல் குறைந்துகொண்டே வருகிறது, வட்டி மட்டும் முழு 80,000த்துக்கே போட்டபடி இருக்கிறது. குறையும் அசலுக்குக் கணக்குப் போட்டால் அது ஆண்டுக்கு 21 சதவீதத்துக்கும் மேல். 2024 அக்டோபர் 1 முதல் இந்த உண்மையான ஆண்டு வட்டியைத் தனித் தாளில் எழுதித்தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியிருக்கிறது. முக்கிய விவர அறிக்கை என்று பெயர். கையெழுத்துக்கு முன் அதைக் கேட்டு வாங்குங்கள். தவணை தவறினால் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூலுக்குப் போன் செய்யக்கூடாது. அடியாளை விட்டு வண்டியைப் பிடுங்கக்கூடாது என்று 2007இல் பிரகாஷ் கௌர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் ஒரு வண்டிக்கடன் விவகாரத்தில்தான்.

நாங்கள் தம்பிகளிடம் சொல்லும் பரீட்சை எளிது. வண்டி வாங்குவதற்கு முன் ஆறு மாதம், டியூ கட்டுவதாக நினைத்து அதே 3,022 ரூபாயை அஞ்சலகத்தில் போட்டுப் பாருங்கள். போட முடிந்தால் 18,000 முன்பணம் கையில் இருக்கும், கடனும் குறையும். மூன்றாவது மாதமே தடுமாறினால் பழைய வண்டியைப் பாருங்கள். பழைய வண்டியில் தாளைப் பார்த்தபின்தான் எஞ்சினைப் பார்க்க வேண்டும். ஆர்.சி.யில் யார் பெயர், ஃபைனான்ஸ் அடமானம் நீக்கியாயிற்றா, இன்சூரன்ஸ் நடப்பில் உள்ளதா? படிவம் 29, 30இல் கையெழுத்து வாங்கி 30 நாளுக்குள் பெயர் மாற்றுங்கள். விற்பவருக்கும் இது நல்லது. பெயர் மாற்றாத வண்டி விபத்தில் சிக்கினால் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. தாளே இல்லாமல் பத்தாயிரத்துக்கு வரும் வண்டியைத் தொடவே வேண்டாம். தாட்கோவில் பைக்குக்கு மானியம் வாங்கித் தருகிறேன் என்று வருபவரையும் நம்ப வேண்டாம். அங்கே இருப்பது தொழிலுக்கான கடன். தொழில் இருந்தால் நேரடியாக விண்ணப்பியுங்கள்.

இதுவரை தம்பி, பையன் என்றே எழுதிக்கொண்டு வந்தோம். மலையில் வண்டி ஓட்டும் பெண்ணை எண்ணிவிடலாம் என்பதால்தான். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான கிராமப் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், பெண்களுக்குச் சைக்கிள் கடன் தரும்படி வங்கிகளை நெருக்கினார். தலித் பெண்கள் ஊர்த்தெரு வழியாகச் சைக்கிளில் போனார்கள், கேலிப்பேச்சும் கூடவே வந்தது, அவர்கள் நிறுத்தவில்லை. 2018 பிப்ரவரியில் தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டம் வேலைக்குப் போகும் பெண்களுக்குப் பாதி விலை அல்லது 25,000 ரூபாய் மானியம் தந்தது. பட்டியல் சாதியினருக்கு 21 சதவீதம், பழங்குடியினருக்கு 1 சதவீதம் ஒதுக்கினார்கள். விண்ணப்பிக்க லைசென்ஸ் கேட்டார்கள். அந்த வாரங்களில் போக்குவரத்து அலுவலகங்களில் எல்.எல்.ஆருக்குப் பெண்கள் வரிசையில் நின்றது நினைவிருக்கலாம். முன்பே லைசென்ஸ் வைத்திருந்தவர் முதல் வரிசையில் இருந்தார். மலையிலிருந்து வர வேண்டியவருக்குத் திட்டம் இருப்பதே தாமதமாகத்தான் தெரிந்தது. ஆட்சி மாறிய பின் திட்டமும் நின்றது. நாளை வேறு பெயரில் இன்னொன்று வரும். அப்போதும் நம் பெண்கள் எல்.எல்.ஆர். வரிசையின் கடைசியில்தான் நிற்க வேண்டுமா?

எங்கள் கோரிக்கை பெரிதல்ல. மாதம் ஒரு நாள் வெள்ளிமலையில் போக்குவரத்துத் துறை முகாம் போட வேண்டும். எல்.எல்.ஆர். தேர்வும் எட்டு போடும் தேர்வும் அங்கேயே நடக்க வேண்டும். ஒரு தேர்வுக்காகக் கூலியை விட்டு, பேருந்துக்குக் காத்து, சமவெளிக்கு இரண்டு மூன்று முறை இறங்கி ஏறும் செலவு கட்டணத்தைவிட அதிகம். பழங்குடிப் பெண்களுக்குப் பயிற்சி வண்டி இரண்டு, கற்றுக்கொடுக்க ஒரு பெண் பயிற்சியாளர். மேடு பள்ளமில்லாத ஒரு மைதானம், ஒரு மூட்டைச் சுண்ணாம்பு.

இந்த மனுவைத் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுக்கப் போகிறோம். கையெழுத்துப் போட வருகிறவர்கள் ஆதார் நகலும் வயதுச் சான்றும் 250 ரூபாயும் எடுத்து வாருங்கள். மனு கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் இ-சேவை மையத்தில் எல்.எல்.ஆர். விண்ணப்பத்தையும் போட்டுவிடலாம்.